மெருகும் மெய்ப்பாடும்

1948-ஆம் ஆண்டில் தமிழ்த் திரையுலகில் ஒரு விந்தை நிகழ்ந்தது. ‘ஞானசௌந்தரி’ என்னும் ஒரே கதையை, ஒரே பெயரில், ஜெமினி நிறுவனமும் சிட்டாடல் நிறுவனமும் ஒரே காலத்தில் படமாக்கின. ஜெமினியின் அதிபர் எஸ்.எஸ். வாசன் அப்போது புகழின் உச்சியில் இருந்தார். அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் அவருடைய ‘சந்திரலேகா’ வெளிவந்து, மாபெரும் முரசுகளின்மேல் நங்கையர் ஆடிய நடனத்தால் மக்களைத் திகைக்கச் செய்திருந்தது. ஏறத்தாழ 30 இலட்சம் ரூபாய் செலவில் உருவான படம் என்று அதன் ஆடம்பரத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். சிட்டாடலோ ஜெமினியோடு ஒப்பிடத்தக்க நிறுவனம் இல்லை. எஃப். நாகூர் இயக்க, டி.ஆர். மகாலிங்கமும் எம்.வி. இராஜம்மாவும் நடித்த அதன் ‘ஞானசௌந்தரி’ சில வாரங்கள் முந்தித் திரைக்கு வந்தது. மக்கள் அதை ஏந்திக்கொண்டார்கள். பின்னர் வந்த ஜெமினியின் படம் எடுபடவில்லை. வாசன் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

முந்தி வந்ததுதான் வெற்றிக்குக் காரணம் என்று வணிகம் அறிந்தவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஒரே கதைக்கு இரண்டு முறை நுழைவுச்சீட்டு வாங்க எத்தனை பேருக்கு மனம் வரும்? ஆனால் எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அப்படத்தின் ஒரு பாடல் நம் இல்லங்களில் வாழ்கிறதே, அதற்கு முந்தி வந்தது காரணமாக முடியாது.

கதை நம் வாசகர்களுக்குப் புதிதன்று. சிற்றன்னையின் சூழ்ச்சியால் இரு கைகளும் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட இளவரசி, பிலேந்திரன் என்னும் இளவரசனை மணந்து, மீண்டும் வஞ்சகத்தால் குழந்தைகளோடு காட்டுக்குத் துரத்தப்பட்டு, இறுதியில் தேவமாதாவின் அருளால் கைகளை மீளப் பெறுகிறாள். கையிழந்த பெண்ணின் கதை ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வழங்கி வந்த பழங்கதை. நம்மிடம் வந்தபின் அது அம்மானையாயிற்று, கூத்தாயிற்று, மேடை நாடகமாயிற்று, கடைசியில் திரைப்படமாயிற்று. அப்படத்தில் தேவமாதாவை நோக்கி ஞானசௌந்தரி பாடும் மன்றாட்டு ஒன்று உண்டு. சிறுமியாகத் தொடங்குகிறாள், பாடல் முடிவதற்குள் வளர்ந்த பெண்ணாகிறாள். சிறுமிக்குக் குரல் கொடுத்தவர் ஜிக்கி. 1935-இல் பிறந்த அவர் அப்போது தாமும் ஒரு சிறுமியே. வளர்ந்தவளுக்குக் குரல் கொடுத்தவர் பி.ஏ. பெரியநாயகி.

என் தாயார் அப்படத்தைக் கீற்றுக் கொட்டகையில் மணல் தரையில் அமர்ந்து பார்த்தவர். பின்னாளில் எத்தனையோ முறை எங்களுக்கு அக்கதையைச் சொல்லியிருக்கிறார். அரண்மனை எப்படி இருந்தது, ஆடை அணிகலன்கள் எப்படி இருந்தன என்று ஒரு நாளும் சொன்னதில்லை. “அந்தப் பிள்ளை மாதாகிட்ட கேட்ட மாதிரி நமக்குக் கேட்கத் தெரியுமா?” என்பார். அவருக்கு அது திரைப்படத்தைப் பற்றிய பேச்சே அன்று. எப்படிக் கேட்பது என்பதைப் பற்றிய பேச்சு.

அந்தப் பாடலை இன்று செவிமடுத்தால் முதலில் நம் காதில் விழுவது அதன் வறுமைதான். இசைக்கருவிகளின் ஓசை ஒன்றோடொன்று கலந்து மங்கிக் கிடக்கிறது. பின்னணியில் ஓர் இரைச்சல் இடைவிடாது ஓடுகிறது. அக்காலத்தில் ஒலியைப் படச்சுருளிலேயே ஒளிக்கோடாகப் பதித்தார்கள். பாடுவோரும் வாசிப்போரும் ஒரே அறையில் கூடி, முதலிலிருந்து முடிவு வரை ஒரே மூச்சாகச் செய்ய வேண்டும். கடைசி அடியில் ஒருவர் பிசகினாலும் அனைவரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த அச்சமும் கவனமும் குரலில் கேட்கின்றன. மூச்சு எடுக்கும் இடம் கேட்கிறது. சிறுமியின் குரல் மேல்நிலைக்கு ஏறும்போது, எட்டிவிடுவாளா என்று நாம் ஒரு கணம் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பில்தான் நாமும் அவளோடு சேர்ந்து மன்றாடத் தொடங்குகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவ்வாறு சொல்லும்போது, பழையதெல்லாம் உண்மை, புதியதெல்லாம் போலி என்று நான் வழக்காடுவதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. பழைய கலையிலும் ஒப்பனை நிறைய உண்டு. இராஜம்மாவின் வாயசைப்புக்கு வேறொருவர் குரல் பொருத்தப்பட்டதே ஒரு புனைவுதான். 1938-இல் ஏவி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ படத்தில் அந்த வழக்கம் தமிழுக்கு அறிமுகமாயிற்று. அதற்கும் முன்னால் ‘ஞானசௌந்தரி’யை மேடையில் நடத்தியவர்களுள் நவாப் இராஜமாணிக்கம் புகழ்பெற்றவர். அவருடைய மதுரை தேவி பால விநோத சங்கீத சபா சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய குழு. அத்தகைய குழுக்களில் பெண் வேடத்தையும் ஆண்பிள்ளைகளே ஏற்றார்கள். காட்சித் திரைகளுக்கும் மேடைத் தந்திரங்களுக்கும் நவாப் பேர் பெற்றவர்; ‘இயேசுநாதர்’ நாடகத்தையும் அவர் நடத்தினார். ஆக, அந்நாளில் ஞானசௌந்தரிக்காக அழுத பெண்கள், பெண் உடை தரித்த ஒரு சிறுவனைப் பார்த்து அழுதார்கள். கைகளை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு நிற்கிறான் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார்கள். மேற்பூச்சு இருந்தாலே உணர்ச்சி போய்விடும் என்றால், அந்தக் கண்ணீருக்கு நாம் என்ன விளக்கம் சொல்வோம்?

இவ்விடத்தில் நம் மொழியே நமக்கு ஒரு வழி காட்டுகிறது. உள்ளத்து உணர்வு வெளியே புலப்படுவதற்குத் தொல்காப்பியர் இட்ட பெயர் ‘மெய்ப்பாடு’. அதற்கென ஓர் இயலையே ஒதுக்கி, அதன் வகை எட்டு என்று வகுத்தார். மெய் என்றால் உடல். மெய் என்றால் உண்மை. உள்ளே எழுந்த ஒன்று உடலில் தோன்றும்போதுதான் பிறர் அதை உண்மை என்று அறிகிறார்கள். தொண்டை அடைப்பதும், மூச்சு நீள்வதும், கண் கலங்குவதும் உடலின் செயல்கள். அந்தச் சிறுவன் பெண்ணல்லன். ஆயினும் அவன் தொண்டை அவன் தொண்டைதான். அவன் பயின்ற பயிற்சி அவன் உடலில் ஊறிக் கிடந்தது. மேடையில் நின்ற நேரம் முழுவதும் தவறிவிடக் கூடிய நிலையிலேயே அவன் நின்றான்.

எனவே மெருகில் இரண்டு வகை உண்டு என்று பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். ஒன்று, கலைஞர் தம் உடலிலே ஏற்றிக்கொள்ளும் மெருகு. மற்றொன்று, உடல் அவ்விடம் விட்டுப் போனபின் பிறர் வந்து பூசும் மெருகு.

முதல் வகைக்குக் கே.பி. சுந்தராம்பாளைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. 1908-இல் கொடுமுடியில் பிறந்த அவர், ஒலிபெருக்கி வராத காலத்து நாடக மேடையில் வளர்ந்தவர். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதே அந்தப் பள்ளியின் முதல் பாடம். 1933-இல் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா மறைந்தபின் வெண்ணிற ஆடை தரித்து வாழ்ந்தார். 1953-இல் அவரை ஔவையாராக நடிக்க வைத்தவர் யார் தெரியுமா? ‘ஞானசௌந்தரி’யில் தோற்ற அதே வாசன்தான். அப்படத்திலும் ஜெமினியின் பிரம்மாண்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் படத்தின் நடுவில் ஒரு குரல் நின்றது. பிரம்மாண்டம் அக்குரலுக்கு இடம் விட்டு ஒதுங்கியது. சுந்தராம்பாளின் பாட்டில் கரடு இல்லை. சொல்லும் சுருதியும் செதுக்கியவை. ஆயினும் அந்தச் செதுக்கலுக்குள் ஒரு பெண்ணின் வாழ்வு முழுவதும் இருந்தது. மெருகு உணர்ச்சிக்குப் பகையாக வேண்டியதில்லை என்பதற்கு இதுவே போதும்.

இரண்டாம் வகை மெருகு நம் காலத்தில் தழைத்தது. நிலத்துக்கு அடியில் எண்ணெய் உண்டா என்று அறிய, பூமிக்குள் அதிர்வுகளை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கணக்கிடுவார்கள். அத்துறையில் பணியாற்றிய ஆண்டி ஹில்டெப்ராண்டு என்னும் அமெரிக்கர், அதே வகைக் கணக்கைப் பாடும் குரலின் சுருதியை அளப்பதற்குப் பயன்படுத்தினார். அவ்வாறு 1997-இல் பிறந்தது ‘ஆட்டோ-டியூன்’ என்னும் கணினி மென்பொருள். பாடியவர் சுரத்திலிருந்து சற்று விலகியிருந்தால், அது கண்டுபிடித்து அருகிலுள்ள சரியான சுரத்துக்கு இழுத்து வைத்துவிடும். மறு ஆண்டே செர் என்னும் பாடகி, இதே கருவியை மிக முரட்டுத்தனமாக இயக்கி, குரல் படிக்கட்டில் தாவுவது போன்ற ஒலியைத் தம் பாடலில் புகுத்தினார். அது உலகெங்கும் பரவியது. அதில் எனக்குக் குறையில்லை. அவர் கருவியை ஒளிக்கவில்லை. கருவியும் வாத்தியங்களுள் ஒன்றாயிற்று. ஒளித்துச் செய்யும் திருத்தத்தைப் பற்றியே என் கவலை.

நம் இசைக்கு இதில் தனியானதொரு இடர் உண்டு. நம் பாட்டின் உயிர் சுரங்களில் மட்டும் தங்கியிருப்பதில்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் வளைவிலும் நடுக்கத்திலும் குழைவிலும் தங்கியிருக்கிறது. கமகம் என்று கற்றோர் சொல்வதும், ஒப்பாரி பாடும் பெண் தன்னை அறியாமல் செய்வதும் இதுவே. பன்னிரண்டு படிகளை மட்டுமே அறிந்த கருவி, படிகளுக்கு இடையே நிற்பவற்றை எல்லாம் பிழை என்று கருதும். செவியுள்ள ஒலிப்பதிவாளர் கருவியை மெல்லக் கையாண்டு வளைவைக் காப்பாற்றிவிடுவார். நேரமும் பொறுமையும் இல்லாதவர் கையில் அழுகையும் ஒரு சுருதிப் பிழையாகிவிடும்.

சரி, குரலைத் திருத்தினால் உணர்ச்சி குறைகிறது. உணர்ச்சியையே நேராகக் காட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டிகள் இதற்குக் கண்டுபிடித்த வழி நமக்கெல்லாம் தெரியும். பாட வந்த பிள்ளையின் வறுமை முதலில் படமாகக் காட்டப்படும். தாயின் கண்ணில் நீர் துளிர்க்கும்போது காட்சி மெதுவாகும், வயலின்கள் எழும், நடுவர் கைக்குட்டை எடுப்பார், விளம்பர இடைவேளைக்குப் பின் அதே துளி மீண்டும் ஒரு முறை விழும். அந்தத் தாயின் கண்ணீர் பொய்யன்று. ஆனால் அதைக் கழுவித் துடைத்துத் தட்டில் வைத்துத் தருகிறார்கள். பார்ப்பவன் எங்கே அழ வேண்டும் என்பதும் முன்னரே குறிக்கப்பட்டுவிடுகிறது. குரலுக்கு மேல் பூசப்பட்ட அதே மெருகு இங்கே கண்ணீருக்கு மேல் பூசப்படுகிறது. கரடுமுரடாகத் தோன்றுவதெல்லாம் உண்மை என்று நம்புவோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இவை சென்னையிலும் அமெரிக்காவிலும் நடப்பவை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியவில்லை. எங்கள் ஊர்ப் பாஸ்காவிலும் இக்கேள்வி வந்து நின்றது.

எங்கள் ஊரில் தவக்காலத்தின் இறுதியில் பாஸ்கா நாடகம் நடத்துவது பாட்டன் காலத்து வழக்கம். கொத்தனார் பிலாத்துவாகவும், தையற்காரர் தலைமைக் குருவாகவும் வருவார்கள். வசனம் மறந்து திரைக்குப் பின்னால் பார்ப்பார்கள், சிரிப்பு எழும், பிறகு அடங்கும். வியாகுல மாதாவின் புலம்பலைப் பாடியவர் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பெண்மணி. துக்க வீட்டு ஒப்பாரியின் மெட்டிலேயே அதைப் பாடுவார். ஓர் ஆண்டு, தவக்காலத்துக்குச் சில மாதங்களுக்கு முன், வேலைக்குச் சென்ற இடத்தில் அவருடைய மூத்த மகன் விபத்தில் இறந்துபோனான். அவ்வாண்டு அவர் மேடையேற மாட்டார் என்றே நினைத்தோம். ஏறினார். அழவில்லை. என்றும் இல்லாதவாறு வறண்ட, நேரான குரலில், சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பாடி முடித்து இறங்கினார். அழுதவர்கள் கீழே இருந்த நாங்கள்தாம்.

பின்னர் இளைஞர்கள் பொறுப்பேற்றார்கள். நாடகம் முழுவதையும் நகரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் பதிவு செய்து கொண்டுவந்தார்கள். பயின்ற குரல்கள், இடி முழக்கம், பின்னணி இசை. நடிப்போர் வாயை அசைத்தால் போதும். அவர்கள் சொன்ன நியாயமும் சிறியதன்று. மைதானம் நிறையக் கூடும் கூட்டத்தில் பின்னால் நிற்பவருக்கு முன்பெல்லாம் ஒரு சொல்லும் கேட்டதில்லை. மேடையில் பேச நாணும் பிள்ளைகளும் இப்போது நடிக்க முன்வந்தார்கள். அதனால் நான் பதிவை எதிர்க்கவில்லை. ஆனால் பதிவில் ஒலித்த புலம்பலைக் கேட்டபோது, அது மிக இனிமையாக இருந்தது. யாருடைய துயரமாகவும் இல்லை.

அந்தப் பெண்மணியை ஒரு நாள் கோவில் வாசலில் பார்த்துக் கேட்டேன். “என் தொண்டை இனி யாருக்கு வேணும் வாத்தியாரே? அதுலதான் அழகா ஓடுதே!” என்று சிரித்தார். என்னை உறுத்தியது அந்தச் சிரிப்புத்தான். திருத்தப்பட்ட குரல்களையே நாள்தோறும் கேட்டுப் பழகிய உலகம், திருத்தப்படாத குரலை உடையவர்களைத் தம் குரலுக்கே நாண வைத்துவிடுகிறது. கலை கெட்டது என்பதைக் காட்டிலும் பெரிய இழப்பு இது. தாலாட்டுப் பாட வெட்கப்படும் தாய்மாரை நாம் பார்க்கத் தொடங்கிவிட்டோம்; கைப்பேசியை எடுத்துத் தொட்டிலருகே வைத்துவிடுகிறார்கள்.

ஊர்க்கூட்டத்தில் ஒன்றே ஒன்று கேட்டேன். மற்றவை எல்லாம் பதிவிலேயே ஓடட்டும். புலம்பல் மட்டும் நேரில் பாடப்படட்டும். நீண்ட பேச்சுக்குப் பின் ஒப்புக்கொண்டார்கள். அந்த இரவு எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல முடியாது. மைக் முதலில் கூவியது. முதுமையால் மெலிந்திருந்த குரல் இரண்டு இடங்களில் உடைந்தது. அதுவரை முழங்கிய பதிவுக்குப் பின் அது மிகச் சிறியதாக ஒலிக்கவே, முன்வரிசையில் சில பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் மூன்றாம் அடியிலோ நான்காம் அடியிலோ, மைதானத்தின் ஓரத்தில் கடலை வறுப்பவர் சட்டியில் கரண்டியைத் தட்டும் ஓசை நின்றுபோயிற்று. மைதானம் கேட்கத் தொடங்கிவிட்டது என்று அதிலிருந்துதான் அறிந்துகொண்டேன்.

இப்போதும் எங்கள் பாஸ்கா பதிவில்தான் ஓடுகிறது. புலம்பல் மட்டும் நேரில். அப்பெண்மணியால் இனி மேடையேற இயலாது. அவரிடம் கற்ற கல்லூரி மாணவி ஒருத்தி பாடுகிறாள். அவளுக்குச் சுருதி இன்னும் முழுமையாக நிற்கவில்லை. பயின்றால் நிற்கும். அந்த மெருகு அவளுக்கு வரட்டும் என்றே நானும் விரும்புகிறேன்.

கேளிக்கை என்பது மெருகின்றி இயங்காது. நாமும் பளபளப்பை விரும்புகிறவர்கள்தாம். ‘சந்திரலேகா’வின் முரசுகளைப் பார்த்து வாய் பிளந்த மக்கள்தாம் ‘ஞானசௌந்தரி’க்கும் அழுதார்கள். இரண்டையும் அவரவர்க்கு உரிய இடத்தில் வைத்துப் பார்க்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முரசைப் பார்க்கப் போன இடத்தில் அவர்கள் கண்ணீரைத் தேடவில்லை. கண்ணீர் வேண்டிய இடத்தில் முரசை ஏற்கவும் இல்லை. அந்தப் பகுத்தறிவு எந்தப் பள்ளியிலும் கற்றதன்று. நேரில் பாடும் குரல்களை வீட்டிலும் வயலிலும் துக்க வீட்டிலும் கேட்டுக் கேட்டு அடைந்த செவி அது. நாம் இழந்துகொண்டிருப்பது அந்தச் செவியை. அதை மீட்கத் திரைப்படங்களைப் பழிப்பதாலோ கருவிகளை வெறுப்பதாலோ பயனில்லை.

ஆகவே வாசக அன்பர்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம். உங்கள் இல்லத்தில் பாடத் தெரிந்த முதியவர் ஒருவர் இருப்பார். தாலாட்டோ, நடவுப் பாட்டோ, பழைய ஞானப் பாடலோ, ஏதாவது ஒன்றைப் பாடச் சொல்லுங்கள். முதலில் மறுப்பார், தொண்டை சரியில்லை என்பார். வற்புறுத்துங்கள். கைப்பேசியில் பதிவு செய்வதாக இருந்தால் செய்யுங்கள். நடுவில் வரும் இருமலையும், மறந்துபோன அடியைத் தேடி அவர் நிற்கும் இடத்தையும் வெட்டிவிடாதீர்கள். பிற்காலத்தில் அக்குரலைத் தேடி உங்கள் பிள்ளைகள் வரும்போது, அவர்கள் முதலில் அடையாளம் கண்டுகொள்வது அந்த இருமலைத்தான்.